எண்பது டெஸ்ட் ஒரே நாளிலா, ஐந்தாறு டெஸ்ட் ஆண்டுதோறுமா?

கையில் கொஞ்சம் பணமும், அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ ஐம்பது வயதில் அட்டாக் வந்த பயமும் இருக்கிற ஒருவருக்குக் கொங்கு நாட்டில் இன்று நான்கு வழிகள் திறந்திருக்கின்றன. தனியார் ஆய்வகங்கள் தள்ளுபடியில் தரும் அறுபது, எண்பது பரிசோதனைகள் அடங்கிய பேக்கேஜை எடுக்கலாம். தேவையான ஐந்தாறு பரிசோதனைகளை மட்டும் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் எடுத்து, எண்களை ஒரு நோட்டில் எழுதி வரலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். இல்லை, இரத்தமே வேண்டாம் என்று நேராகக் கோவைக்குப் போய் நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்துவிடலாம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் என் அக்கா மகனுக்கு இந்த நான்கில் எது என்பதுதான் கேள்வி. வயது 41. அவனுடைய அப்பாவுக்கு 51 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள். "மாமா, ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டால் அடுத்த ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை அல்லவா?" என்று கேட்டான்.

கவலை தீராது என்பது என் கட்சி. நான்கில் நோட்டுதான் சரி என்பதும் என் கட்சி. நான் மருத்துவன் அல்ல. ஊசி குத்தி இரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, இயந்திரத்தில் ஓட்டி, ரிப்போர்ட்டைக் கையெழுத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஆய்வகத்து ஆள். மாத்திரை போடுவதா வேண்டாமா என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. எதை, எங்கே, எத்தனை முறை எடுப்பது என்பதில் மட்டும் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

நான்கு வருட நோட்டு

கற்பனையாக ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர், வயது 42. நான்கு ஆண்டுகளாக ஆவணி மாதம் இரத்தம் கொடுக்கிறார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 88, 92, 95, 98. இரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 128, 141, 146, 149. நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்.டி.எல். 46, 44, 42, 41. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 98, 94, 99, 96.

இந்த ரிப்போர்ட்டுகளில் எந்த வருடத்திலும் ஓர் எண்கூடத் தடித்த எழுத்தில் வராது. சர்க்கரை 100க்குக் கீழே, டிரைகிளிசரைடு 150க்குக் கீழே, எச்.டி.எல். ஆண்களுக்கான 40க்கு மேலே. நான்கு முறையும் "எல்லாம் நார்மல்" என்று உறையை மடித்துக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதினால்தான் கதை தெரிகிறது. சர்க்கரை ஏறுகிறது, டிரைகிளிசரைடு ஏறுகிறது, எச்.டி.எல். இறங்குகிறது. மூன்றும் சேர்ந்து, ஒருமுறைகூடத் திரும்பாமல், ஒரே திசையில் போகின்றன. இன்சுலினின் பேச்சை உடல் கேட்க மறுக்கத் தொடங்கினால் கல்லீரல் கொழுப்பை அதிகமாகக் கட்டி இரத்தத்தில் அனுப்புகிறது. டிரைகிளிசரைடு மிகும்போது எச்.டி.எல். துகள்கள் சீக்கிரமே கழிந்துபோகின்றன. சர்க்கரை கடைசியில்தான் எல்லையைத் தாண்டுகிறது. இந்த ஆளுக்கு மூன்றில் எதுவும் இன்னும் எல்லையைத் தாண்டவில்லை. ஆனால் மூன்றும் வாசலில் நிற்கின்றன.

இதில் ஒரு நேர்மையான எதிர்வாதம் உண்டு. 128 என்பதும் 149 என்பதும் ஒரே ஆளிடம் ஒரே மாதத்தில்கூட வரக்கூடிய எண்கள். டிரைகிளிசரைடு எந்த நோயும் இல்லாமலே இருபது சதவீதம் ஆடும். உண்மைதான். அந்த ஒரு வரியை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன். மூன்று வரிகள் நான்கு வருடம் ஒரே பக்கம் சாய்வதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வு இதற்கு ஒரு படம் வரைந்து காட்டியது. 2009இல் வெளிவந்த அந்தக் கணக்கின்படி, பின்னாளில் சர்க்கரை நோய்க்கு ஆளானவர்களின் வெறும் வயிற்றுச் சர்க்கரை பல வருடங்கள் மெல்ல மெல்ல ஏறி, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய மூன்று வருடங்களில் செங்குத்தாக ஏறியது. மெல்ல ஏறுகிற காலத்தில் ஒருமுறை மட்டும் பார்த்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. சர்க்கரை நோய் வந்துவிட்டால் இதய நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்பது பழைய செய்தி.

எல்.டி.எல். விஷயத்தில் காலத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. அமெரிக்காவில் 1985-86இல் 18 முதல் 30 வயது வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துத் தொடங்கிய கார்டியா ஆய்விலிருந்து 2020இல் ஒரு முடிவு வந்தது. எல்.டி.எல். எவ்வளவு, எத்தனை வருடம் என்ற இரண்டும் சேர்ந்த மொத்தச் சுமை கூடக்கூட ஆபத்தும் கூடியது. அதே சுமை இளமையிலேயே சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மின்சார மீட்டர் போலத்தான். இன்றைக்கு ஃபேனை அணைத்தாலும் ஓடிய யூனிட் ஓடியதுதான். 25 வயதில் 140 இருந்து 45 வயதிலும் 140 இருக்கிறவரும், 43 வயதில்தான் 140ஐத் தொட்டவரும் இன்றைய ரிப்போர்ட்டில் ஒரே ஆளாகத் தெரிவார்கள். இரத்தக்குழாய்ச் சுவரில் அவர்கள் ஒரே ஆள் அல்ல.

ஏற்றம், சுமை இவை தவிர ஆட்டம் என்றும் ஒன்று இருக்கிறது. தென் கொரியாவின் தேசியக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து, தொடக்கத்தில் சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ கொழுப்புக் கோளாறோ இல்லாத சுமார் 67 லட்சம் பேரை எடுத்து 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லாரும் குறைந்தது மூன்று முறை பரிசோதனைக்கு வந்தவர்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், எடை ஆகிய நான்கும் முறைக்கு முறை அதிகம் ஆடியவர்களுக்கு, எதுவும் அப்படி ஆடாதவர்களைவிட அட்டாக் வாய்ப்பு நாற்பது சதவீதம் போலக் கூடுதலாக இருந்தது. ஆட்டமே கெடுதல் செய்கிறதா, உள்ளே வேறு ஏதோ நோய் ஆட்டுகிறதா என்பதை இப்படிப்பட்ட ஆய்வு பிரித்துச் சொல்லாது. ஆனாலும் மூன்று மாதம் பத்தியம், மூன்று மாதம் விருந்து, மாத்திரையைப் பத்து நாள் போட்டுப் பத்து நாள் விடுவது என்று வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். பரிசோதனைக்கு முந்தின வாரம் மட்டும் கம்மங்கூழுக்கு மாறி நல்ல மார்க் வாங்கப் பார்ப்பவர்களையும் தெரியும். அவர்கள் ஏமாற்றுவது ஆய்வகத்தை அல்ல.

பேக்கேஜின் கணக்கு

எண்பது பரிசோதனை என்பது எப்படி எண்பதாகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இரத்த அணுக்களின் எண்ணிக்கை என்ற ஒரே பரிசோதனை ரிப்போர்ட்டில் இருபது வரிக்கு மேல் வரும். ஒவ்வொரு வரியும் ஒரு பரிசோதனையாக எண்ணப்படும். கொழுப்பு வகைகளை அளக்கும் லிப்பிட் புரொஃபைலில் எட்டு, பத்து வரி வரும். அவற்றில் பாதி, இருக்கிற எண்களைக் கூட்டிக் கழித்து வகுத்துப் போடுபவை. பல ஆய்வகங்களில் எல்.டி.எல்.லே அப்படி வருவதுதான்: மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கும் ஃபிரீட்வால்ட் சூத்திரம், 1972ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் இருக்கிறது. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது.

எண்ணிக்கை கூடுவதில் வெறும் விளம்பரம்தானே, கெடுதல் என்ன என்று கேட்கலாம். கெடுதல் உண்டு. ஆய்வகத்தின் இயல்பு எல்லை என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுத்தது. மீதி ஐந்து சதவீதம் பேர் நோயில்லாமலே எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை முழு ஆரோக்கியமான ஒருவருக்கு எடுத்தால், ஏதாவது ஒன்றாவது தடித்த எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு. 40 எடுத்தால் 87. எண்பது எடுத்தால் தப்பிக்கிறவர் அநேகமாக யாரும் இல்லை. உண்மையில் வரிகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் இவ்வளவு மோசமாகாது. ஆனால் ஒன்றிரண்டு தடித்த எழுத்து இல்லாத பேக்கேஜ் ரிப்போர்ட்டை நான் பார்த்தது குறைவு. அந்த ஒரு வரியின் பின்னால் மறுபரிசோதனை, ஸ்பெஷலிஸ்ட், இன்னொரு ஸ்கேன் என்று ஓடி, அடுத்த வருடம் இரத்தம் கொடுக்கவே பிடிக்காமல் போனவர்கள் உண்டு. எல்.டி.எல். 150 என்ற வரி அதே ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தில் யாரும் கவனிக்காமல் கிடக்கும்.

பேக்கேஜுக்கு நான் இடம் தருவது இரண்டு சந்தர்ப்பங்களில். வாழ்க்கையில் இதுவரை ஒருமுறையும் இரத்தம் கொடுக்காதவருக்குத் தொடக்கமாக இருக்கட்டும். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு எல்லாம் ஒருமுறை தெரிந்துவிடும். தைராய்டு குறைவு எல்.டி.எல்.லை ஏற்றும் என்பதால் அது பயனுள்ள செய்தியும்கூட. மற்றது, கம்பெனி தன் செலவில் எடுத்துக் கொடுத்தால். அப்போதும் ரிப்போர்ட்டின் நகலை வாங்கி, தேவையான ஐந்தாறு எண்களை நோட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

எதை எழுதுவது, எப்போது எடுப்பது

நோட்டில் போக வேண்டியவை அதிகமில்லை. லிப்பிட் புரொஃபைல், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாத சர்க்கரை என்று எல்லாரும் சொல்லும் எச்பிஏ1சி, ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின். ஊசி தேவைப்படாத இரண்டு: இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு. திருப்பூரில் இஞ்ச் டேப் இல்லாத வீடு ஏது? தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. வயிற்றை உள்ளிழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும். பீடி, சிகரெட் உண்டா இல்லையா என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடலாம். அதைவிடப் பெரிய எண் இரத்தத்தில் எதுவும் வந்துவிடாது.

லிப்பிட் ரிப்போர்ட்டில் எல்லாரும் எல்.டி.எல்.லைத் தேடுகிறார்கள். நம் ஊர் உடம்புக்கு இன்னொரு எண்ணையும் பார்க்கச் சொல்வேன்: மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்தால் வருவது. இந்தியர்களிடம் டிரைகிளிசரைடு கூடுதலாகவும் எச்.டி.எல். குறைவாகவும் இருக்கிற வார்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கு எல்.டி.எல். எண் நல்லபடியாகத் தெரியும். ஆனால் கொழுப்பைச் சுமக்கும் துகள்கள் சிறிதாகி எண்ணிக்கையில் பெருகியிருக்கும். சுவரில் புகுந்து கெடுப்பவை துகள்கள் என்பதால் எண்ணிக்கைதான் முக்கியம். அந்த எண்ணிக்கையை நேராகச் சொல்வது அப்போ பி என்ற பரிசோதனை. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் அப்போ பி, எச்.டி.எல். துகளின் புரதமான அப்போ ஏ இரண்டின் விகிதம் எல்லாவற்றையும்விட வலுவான குறியாக நின்றது; அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் அட்டாக் வந்த வயது 53, மற்றவர்களுக்கு 59 என்றும் தெரிந்தது. அப்போ பி எடுக்க வசதி இல்லையென்றால் அந்தக் கழித்தல் கணக்கு போதும். அதற்குத் தனிப் பணமும் இல்லை, வெறும் வயிறும் கட்டாயமில்லை.

வெறும் வயிறு என்பது நம் ஊரில் ஒரு பெரிய கேள்வி. விசைத்தறியிலும் நூற்பாலையிலும் இரவு ஷிப்ட் முடித்து நேராக ஆய்வகத்துக்கு வருகிறவர் "நேற்று இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டது" என்பார். விடிகாலை மூன்று மணிக்கு ஷெட்டுக்கு வந்த டீயையும் பன்னையும் அவர் சாப்பாட்டில் சேர்த்திருக்கமாட்டார். அந்த டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை இருந்திருக்கும். போதாக்குறைக்கு, இரவெல்லாம் விழித்த உடம்பின் காலை, தூங்கி எழுந்த உடம்பின் காலை அல்ல. ஷிப்ட் ஆட்களுக்கு எச்பிஏ1சியும் எச்.டி.எல். கழித்த கொழுப்பும் நம்பத்தகுந்தவை. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் வேண்டுமென்றால் பகல் ஷிப்ட் வாரத்தில் எடுக்கட்டும்.

எச்பிஏ1சிக்கும் ஒரு குறை உண்டு. இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அந்த அணுக்களில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அது அளக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த இரத்தசோகையில் அணுக்கள் பழையனவாக அதிகம் சுற்றுவதால் எண் பொய்யாக ஏறி நிற்கும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அப்படிப்பட்ட ஒருவருக்கு இந்த வருடம் 6.0 வருகிறது, இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், அடுத்த முறை 5.6. நோட்டில் பார்த்தால் சர்க்கரை இறங்கிவிட்டதாகத் தோன்றும். சர்க்கரை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, இரத்தம்தான் தேறியிருக்கிறது. பக்கத்தில் ஹீமோகுளோபினை எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

காய்ச்சலுக்குப் பின் எடுப்பது இன்னொரு பொறி. டெங்கு, நிமோனியா, அறுவைச் சிகிச்சை, அட்டாக் எதுவானாலும், அதன் பிறகு எல்.டி.எல். பொய்யாக இறங்கும், டிரைகிளிசரைடு ஏறும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எடுத்த கொழுப்பு அளவை நோட்டில் ஏற்றவே கூடாது. சில வாரம் விட்டு, உடம்பு தேறிய பிறகு எடுக்க வேண்டும். மாரியம்மன் நோம்பி முடிந்து கிடா விருந்து சாப்பிட்ட மறுநாள் எடுக்கும் டிரைகிளிசரைடும் இதே கணக்குதான். கூடவே மது இருந்தால் கேட்கவே வேண்டாம். நான் ஆவணியைச் சொல்வதற்குச் சாத்திர காரணம் ஏதும் இல்லை. ஆடிப் பதினெட்டு முடிந்திருக்கும், ஐப்பசி அடைமழையும் அதன் காய்ச்சல்களும் வந்திருக்காது, கறி விடுகிற புரட்டாசியும் தொடங்கியிருக்காது. வேறு மாதம் வசதியென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் மாற்றாமல் இருந்தால் சரி.

ஆய்வகத்தையும் மாற்றாதீர்கள். ஒரு இடத்தில் எல்.டி.எல்.லைச் சூத்திரத்தில் கணக்கிடுவார்கள், இன்னொரு இடத்தில் நேரடியாக அளப்பார்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் உங்கள் உடம்பில் நடந்த மாற்றம் போல வேடமிட்டு வரும். ஒரே ஆய்வகத்தில்கூட ஒரே ஆளின் எல்.டி.எல். ஏழெட்டு சதவீதம் ஏறி இறங்கும். இரண்டே இரண்டு ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு மாறியிருக்கிறது என்று சொல்ல, வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 104 போன வருடம், 111 இந்த வருடம் என்று அழுகிறவர்களும், 111 போய் 104 ஆனதற்குச் செக்கு எண்ணெய்க்கு நன்றி சொல்கிறவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

எண்ணெய் என்றதும் பொள்ளாச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தேங்காய் எண்ணெய் மற்ற தாவர எண்ணெய்களைவிட எல்.டி.எல்.லைச் சராசரியாகப் பத்து மி.கி. போல ஏற்றுகிறது என்று, பல சோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த கணக்கு காட்டியது. செக்கில் ஆட்டினாலும் அதன் கொழுப்பு அதே கொழுப்பு. "நான் எண்ணெயை மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி வாதாடுகிறவருக்குச் சொல்ல வேண்டியது, பத்து மி.கி. மாற்றம் ஒரே பரிசோதனையில் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். இருபது வருடச் சுமையில் தெரியும்.

அரசு நிலையம், வீட்டுக் கருவி, ஸ்கேன்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் செலவின்றிப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த இரண்டுக்குமான மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தொடர்ச்சி என்று பார்த்தால் நான்கு வழிகளில் இதுவே முதலிடம்: ஊர்ச் செவிலியர் உங்களை மறக்கமாட்டார், போன மாத அளவும் எழுதப்பட்டிருக்கும். கொழுப்பின் முழுப் பிரிவும் எச்பிஏ1சியும் எந்த நிலையத்தில், எந்த நாளில் எடுக்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது, பிடித்தம் மட்டும் மாதாமாதம் கொடுத்துவிட்டு வெளியே காசு கொடுத்துப் பரிசோதிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். காசு நெருக்கடி என்றால் அரசு நிலையத்தில் அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டு, லிப்பிட் புரொஃபைலை மட்டும் வருடம் ஒருமுறை வெளியே எடுத்தாலும் நோட்டு நிறைந்துவிடும்.

வீட்டு குளுக்கோமீட்டர் இன்சுலின் போடுகிறவருக்குத் துணை. மற்றவர்களுக்கு இந்த வேலைக்கு உதவாது. சர்வதேசத் தர விதிப்படியே, 100க்குக் கீழ் 15 மி.கி. முன்னே பின்னே காட்ட அதற்கு அனுமதி உண்டு. 88லிருந்து 98 வரை நான்கு வருடம் ஏறியதை அதனால் பிடிக்க முடியாது.

ஸ்கேனுக்கு வருவோம். இதய இரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருப்பதை அளக்கும் கால்சியம் ஸ்கோர் ஸ்கேன் பயனற்றது அல்ல. ஸ்கோர் 100ஐத் தாண்டினால் நோய் ஏற்கெனவே சுவரில் குடியேறிவிட்டது என்று தெரிகிறது. மாத்திரை தொடங்குவதா என்று மருத்துவரும் நோயாளியும் தயங்கி நிற்கும் இடத்தில் முடிவெடுக்க உதவும். ஆனால் 41 வயதுக்காரனுக்குப் பூஜ்யம் வருவது இயல்பு. சுண்ணாம்பு படியாத மென்மையான படிவு அதில் தெரியாது. பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு 150 எல்.டி.எல்.லோடு ஐந்து வருடம் நிம்மதியாக இருப்பதுதான் எனக்குப் பயம். டிரெட்மில் பரிசோதனையும் குழாய் கணிசமாகச் சுருங்கிய பிறகுதான் பேசும். பெரிதாகச் சுருங்காத படிவு வெடித்து வரும் அட்டாக்குகளும் ஏராளம். ஸ்கேன் நடந்து முடிந்ததைக் காட்டுகிறது. நடந்துகொண்டிருப்பதை இரத்தம் காட்டுகிறது.

அவனுக்கு என்ன சொன்னேன்

அப்பாவுக்கு 55 வயதுக்குள் இதய நோய் வந்தது என்பதால் என் அக்கா மகனை எல்லாரையும்போல எண்ண முடியாது. நோட்டுடன் கூட, வாழ்நாளில் ஒரே ஒருமுறை எடுத்தால் போதுமான ஒன்றையும் எடுக்கச் சொன்னேன்: எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துகளான லைப்போபுரோட்டீன்-ஏ. பெரும்பாலும் பரம்பரை தீர்மானிப்பது. சாப்பாட்டாலும் நடையாலும் அதிகம் அசையாது. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட கொழுப்பு வழிகாட்டுதலும் அதை ஒருமுறையாவது பார்க்கச் சொல்கிறது, 50 மி.கி.க்கு மேல் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் கண்டிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். சீட்டில் அப்போ ஏ என்று எழுதிவிடாமல் கவனிக்க வேண்டும், அது வேறு. அதே வழிகாட்டுதல் ஆபத்துக் குறைந்தவர்களுக்கு எல்.டி.எல். 100க்குக் கீழும், சர்க்கரை நோய் போன்ற அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு 70க்குக் கீழும், அட்டாக் வந்தவர்களுக்கு 55க்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது. அவனுடைய அப்பாவின் கடைசி ரிப்போர்ட்டில் 92 இருந்தது. "அவருக்கு நார்மல்தானே, மாமா?" என்றான். அச்சடித்த எல்லை ஊருக்கெல்லாம் பொது. ஸ்டென்ட் வைத்த அவருடைய எல்லை 55.

மருத்துவர் கொழுப்பு மாத்திரை எழுதினால் போடுவதற்கு அவனுக்குத் தயக்கம். கல்லீரல் போய்விடும் என்று கம்பெனியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடுமையான கல்லீரல் பாதிப்பு மிக அரிது. எல்.டி.எல். 39 மி.கி. குறைந்தால் அட்டாக், பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனைகளின் தொகுப்பு. சர்க்கரைக்குப் பயந்து மண்டை வெல்லத்தைக்கூடத் தள்ளி வைக்கும் நம் ஊர், கொழுப்புக்கு அந்தப் பயத்தில் கால்வாசிகூடப் படுவதில்லை. நோட்டிலும் சர்க்கரைப் பத்தியைத்தான் முதலில் பார்ப்பார்கள். நியாயப்படி முதலில் பார்க்க வேண்டியவை எல்.டி.எல்.லும் இரத்த அழுத்தமும். மாத்திரை தொடங்கினால் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி லிப்பிட் எடுத்து எவ்வளவு இறங்கியது என்று எழுத வேண்டும். எழுதுகிற வரிக்குப் பக்கத்தில் மாத்திரையின் பெயரையும் அளவையும் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து "எல்.டி.எல். தானாகவே இறங்கிவிட்டது, மாத்திரை எதற்கு?" என்று நிறுத்துவார்கள்.

ரிப்போர்ட்டுகள் இப்போது வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆக வருகின்றன. போன் மாறியதும் போய்விடுகின்றன. அதனால் காகித நோட்டு.

பெண்களுக்கு இந்த நோட்டு எப்போது தொடங்க வேண்டும் என்பதில் நம் வீடுகள் சுத்தமாகக் கவனமற்றவை. கணவரின் ரிப்போர்ட்டுகள் ஃபைலில் இருக்கும். மனைவியின் இரத்தத்தைக் கடைசியாகப் பார்த்தது பிரசவத்தின்போது. மாதவிடாய் நிற்கும் பருவத்தினூடே பெண்களைப் பின்தொடர்ந்த அமெரிக்காவின் ஸ்வான் ஆய்வு 2009இல் சொன்னது: கடைசி மாதவிடாயை ஒட்டிய ஒரு வருடத்துக்குள் எல்.டி.எல்.லும் அப்போ பியும் சட்டென்று ஏறின, வயது ஏறுவதால் மட்டும் ஏறக்கூடிய அளவைவிட வேகமாக. அந்த ஏற்றத்துக்கு முந்தைய எண்கள் கையில் இருக்க வேண்டுமென்றால் பெண்களின் நோட்டு நாற்பது வயதிலேயே தொடங்க வேண்டும். 53 வயதில் முதல் ரிப்போர்ட்டோடு வந்து உட்காருகிற அம்மாவிடம், "எப்போதுமே இப்படித்தானா, இப்போதுதான் ஏறியதா?" என்று மருத்துவர் கேட்டால், உடன் வந்த மகனுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.